கம்பிச்சடக்கில் கடப்பாரை வேலை மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளைகளுக்கு என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். தாதிமை முதல் ட்ரோன் பழுதுபார்ப்பு வரை எல்லாம் இருந்தது. ரயில் துறைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: ‘தண்டவாளப் பணியாளர்’. 35 ஆண்டுகள் அந்தத் துறையின் சோற்றைத் தின்றவன் நான். அந்த ஒரு வரி ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் அதே வரியைத்தான் சொல்வார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ரயில்வே என்றால் கம்பிச்சடக்கு, அதாவது தண்டவாளம். கம்பிச்சடக்கு என்றால் வெயில், சுத்தியல், கடப்பாரை. என் அப்பாவும் அந்தக் கேங்கில் கல் இடித்தவர்தான். அவர் உள்ளங்கையைத் தொட்டால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கும். ஆனால் நான் 1980-இல், வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை வேறு. வண்டி ஓடுவதற்குப் பொறுப்பேற்கும் வேலை அது.

அப்போது ஈப்போவுக்கு வடக்கே ஒற்றைத் தடம்தான். இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்குக் காவல், ஓட்டுநருக்கு அனுமதியாகத் தரும் ஒரு டோக்கன். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைத்த பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து டோக்கனை எடுத்துவிட்டால், அது மறுபடியும் பெட்டிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்று வெளியே வராது. அந்த டோக்கனைப் பைக்குள் போட்டு, வளையத்தில் கோத்து, நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநர் கையில் மாட்டும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். மழை இரவில் இன்ஜின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். வளையம் முழங்கையில் அடிக்கும். மறுநாள் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்க முடியாது. ஆனாலும் அந்த டோக்கன் கைமாறாமல் வண்டி அடுத்த நிலையத்துக்கு நகராது என்கிற எண்ணம் இருக்கிறதே, அந்தப் பெருமை எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. (என் மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. தீபாவளிக்கு ஊரே ரயிலேறி வீடு திரும்பும்போது வீட்டில் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பது அவருடைய வழக்கு. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.)

அதெல்லாம் போயிற்று. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் தடம் இரட்டையாகி, மேலே 25,000 வோல்ட் மின்கம்பி வந்து, 2015-இல் இ.டி.எஸ். என்னும் மின்சார விரைவு வண்டி எங்கள் நிலையத்தின் வழியாக எல்லைவரை ஓடத் தொடங்கியது. டோக்கன் போனது. வேலை போய்விட்டதா? வேலையின் முகம்தான் மாறியது. தடம் மாற்றும் பாயிண்டை இன்று கையால் இழுப்பதில்லை, மோட்டார் தள்ளுகிறது. அந்த மோட்டார் நள்ளிரவில் நின்றுபோனால் பார்க்க ஆள் வேண்டும். சிக்னலுக்கு ஆள் வேண்டும், மின்கம்பிக்கு ஆள் வேண்டும். திரையைப் பார்த்து எந்த வண்டியை முன்னே விடுவது, எதை ஒதுக்கி நிறுத்துவது என்று நொடியில் முடிவெடுக்கும் கட்டுப்பாட்டாளர் வேண்டும். பழைய செந்தூல் பணிமனையின் வேலைகள் இப்போது பத்து காஜாவில் நடக்கின்றன. இங்கிருந்து அதிக தூரமில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓட்டுநரே இல்லாமல் ரயில் ஓடுகிறதே என்று மடக்குபவர்கள் உண்டு. உண்மைதான், கிளானா ஜெயா வழித்தடத்தில் அப்படித்தான் ஓடுகிறது. அந்த வண்டியையும் ஓர் அறையில் உட்கார்ந்து ஆட்கள்தாம் கண்காணிக்கிறார்கள். கோத்தா பாருவிலிருந்து போர்ட் கிள்ளான் வரை 665 கிலோமீட்டர் கிழக்குக்கரை ரயில், ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்குப் போகும் 4 கிலோமீட்டர் இணைப்பு என்று புதிய தடங்கள் வேறு. இதையெல்லாம் எந்தத் தமிழ்ப் பெற்றோரிடம் யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

சொல்ல ஆளில்லாத இடத்தில் ஏஜெண்டு நுழைகிறான். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கிழக்குக்கரை ரயிலில் ஓட்டுநர் வேலை நிச்சயம் என்று ஒருவன் 2,500 வெள்ளி வாங்கிக்கொண்டு போனான். அதன்பிறகு அவன் தொலைபேசி எடுக்கவே இல்லை. பையனின் அம்மா சங்கிலியை அடகு வைத்துப் புரட்டிய பணம் அது. முன்கூட்டியே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், யாரும் நேரே ஓட்டுநராகச் சேர்வதில்லை என்று சொல்லியிருப்பேன். பயிற்சி, விதிமுறைத் தேர்வு, அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவையும் ஏற்றத்தையும் சிக்னலையும் மனப்பாடம் செய்வது, இவ்வளவுக்கும் பிறகுதான் கைப்பிடி கைக்கு வரும். வேலைக்கு விண்ணப்பிக்கப் பணம் கேட்டாலே அது மோசடி. ரயில் நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கங்களிலேயே ஆள் தேடுகின்றன. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளத்திலும் இலவசமாகப் பதிந்து தேடலாம். ‘அரசாங்க வேலை, ஆள் தெரிந்தால்தான்’ என்னும் பழைய பல்லவியையும் விட்டுவிடலாம். மலாயா ரயில்வேயான கே.டி.எம். 1992-லேயே நிறுவனமாகிவிட்டது.

இன்னொன்றைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். என் நண்பரின் மகன் ஏழு வயதிலிருந்தே ரயில் ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். எழுத்துத் தேர்வில் தேறினான், நேர்காணலில் தேறினான். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது 21 வயதில்தான் வீட்டாருக்குத் தெரிந்தது. பெண்களைவிட ஆண்களிடம் அதிகம் காணப்படும், பிறவியிலேயே வரும் குறை அது, மருந்தால் தீராது. படிவம் மூன்றிலேயே கண்ணைச் சோதித்திருந்தால், சிக்னல் பார்க்கத் தேவையில்லாத ஒரு பிரிவுக்கு அப்போதே படித்திருப்பான். பையன் மூன்று மாதம் நிலையத்துப் பக்கமே வரவில்லை.

ஆதலால் அடுத்த முறை வேலைப்பக்கம் போடும்போது ரயிலுக்கு ஒரு வரி போதாது. மின்னியல், மின்னணுவியல் திறன் சான்றிதழ் படித்தவர்களுக்கு எந்தப் பிரிவில் இடம் உண்டு, இரவு முறைப்பணி எப்படி இருக்கும், பணியின்போது வானொலித் தொடர்பில் தேசிய மொழியில் தயக்கமின்றி, பிசகாமல் பேசுவது ஏன் முக்கியம் என்றெல்லாம் வேலையில் இருப்பவர்களையே கேட்டு எழுதுங்கள். பெண்களையும் கேளுங்கள், இன்று வண்டி ஓட்டுபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

2,500 வெள்ளியை இழந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது லாரியை விட்டுவிட்டு மின்னியல் படிக்கிறான். போன செவ்வாய்க்கிழமை மாலை வந்து, வண்டி தடத்தைக் கடந்துவிட்டதா என்று சக்கரங்களை எண்ணிச் சொல்லும் கருவி எப்படி இயங்குகிறது என்று கேட்டான். நான் டோக்கன் காலத்து ஆள். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் கைப்பேசியில் இருவரும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.