மழைச் சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகை பகுதிகளில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அரிசி, போர்வை, நிவாரணத் தொகை பற்றியெல்லாம் பேசுகிறோம்; 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இந்த வயதில் பெற்றோருக்கு அடுத்த பலம் கூட்டாளிகள்தான். நிவாரண முகாமில் ஒரே ஊர்க் குடும்பங்களை அடுத்தடுத்துத் தங்க வையுங்கள். பிள்ளையை மட்டும் சமவெளியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினால் அந்தத் துணை அறுந்துவிடும். பள்ளியே முகாமானால், சமுதாயக் கூடத்தில் தினமும் இரண்டு மணி நேரமாவது வகுப்பு நடக்கட்டும்.

"அன்று என்ன பார்த்தாய்?" என்று துருவாதீர்கள். தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். மழையை அளக்கும் பொறுப்பும் கொடுங்கள். நேரான பக்கமுள்ள பாட்டிலின் மேற்பகுதியை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. அடி வளைந்திருந்தால் கூழாங்கல் போட்டு, அது மூழ்க நீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பும். தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்துக் கரும்பலகையில் எழுதட்டும். கண்ணால் கண்ட எண், இருட்டில் கேட்கும் சத்தத்தின் பயத்தைக் குறைக்கும். ஆனால் வீட்டைக் காலி செய்யும் முடிவு பெரியவர்களுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் வைக்கக் கூடாது.

தூக்கமின்மையும் பள்ளிக்குப் போக மறுப்பதும் ஒரு மாதம் தாண்டினால் 14416 என்ற இலவச மனநல எண்ணை அழையுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழையுங்கள்.

- பள்ளி மனநல ஆலோசகர்கள், நீலகிரி