அசல் படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாக வேண்டும். பல வீடுகளில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அவசரத்தில் அந்த அசலையே கண்ணாடிக்குள் வைத்து மாட்டிவிடுகிறோம். பிறகு அன்போடு செய்கிற காரியங்களாலேயே அது கெட்டுப்போகிறது. நினைவஞ்சலிப் பக்கத்தைத் தவறாமல் பார்க்கும் உங்கள் வாசகர்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

புகைப்படத் தாளின் மேற்பரப்பில் ஜெலட்டின் படலம் இருக்கிறது. படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஈரம் பட்டதும் அந்தப் படலம் இளகி, காயும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்த பூமாலை, கண்ணாடியில் வைக்கும் சந்தனம் குங்குமம், மழைக்காலத்தில் வெளிச்சுவரில் ஏறும் ஓதம், எல்லாமே சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். படத்தில் எண்ணெய் பட்டதுபோல ஒரு பளபளப்புத் திட்டு தெரிந்தால் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது பிரித்து இழுக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும், தாள் மட்டும் கையில் வரும். கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். மெல்லிய ரக ஸ்கேனர்களில் கண்ணாடியின் தடிமனால் படம் மங்கும். ஆகவே படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து எடுத்தால் பிரதிபலிப்பு விழாது.

ஒட்டாத படத்துக்கு ஸ்கேன்தான் சிறந்தது. 3.5 × 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) எடுத்தால் 8 × 10 அங்குலம் வரை தாராளமாகப் பெரிதாக்கலாம். 4 × 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ போதும், அதிலிருந்து 12 × 18 அச்சிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கறைகளை நீக்க அது உதவும். கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 1970, 80களின் வண்ணப் படங்கள் செம்மை படர்ந்திருப்பதற்குக் காரணம், அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிவிடுவதுதான். இதைப் பெரும்பாலும் கணினியில் சரிசெய்ய முடியும். ஆனால் முகத்தை ‘அழகாக்க’ விடாதீர்கள். மருவும் சுருக்கமும் போய்விட்டால் அது நம் பாட்டியின் முகமே இல்லை.

நகலுக்குச் சட்டம் போடும்போதும் கடைக்காரரிடம் மூன்று சொல்ல வேண்டும்: படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சுற்றிலும் மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டை, பின்பக்க ஹார்டுபோர்டு படத்தைத் தொடாமல் நடுவில் அமிலமில்லாத அட்டை, சுவரிலிருந்து காற்றுப் போக, சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு. வெயில் படும் சுவர் வேண்டாம். பொட்டைக் கண்ணாடியில் வைக்காமல் சட்டத்தில் வைக்கலாம்.

அசலை லேமினேட் செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பசை ஏடுகள் கொண்ட ஆல்பமும் ஆகாது, பசை மஞ்சளாகிக் கறையாகும். அமிலமில்லாத தாள் உறையில் வைத்து, தரையிலிருந்து உயரமாக, உள்ளறை பீரோவில் வையுங்கள். பரணும் சமையலறையும் வேண்டாம். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பெயர், ஊர், ஆண்டு, உடன் நிற்பவர் யார் என்பதைப் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும். விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

முகத்துக்குக் காட்டும் அக்கறையைக் குரலுக்கு யாரும் காட்டுவதில்லை. அவர் குரல் பதிவான பழைய ஒலிநாடா கேசட்டை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால், தவறிப்போய் மேலே பதிவாகாது. வெள்ளைப் பூசணம் தெரிந்தால் இயக்கவே வேண்டாம். நல்ல நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, கேசட் டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தபின் கணினியில் பதியுங்கள். 90 நிமிட நாடா 60 நிமிட நாடாவைவிட மெல்லியது, சிக்கினால் எளிதில் இழுபடும். மறைந்தவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் உறவினர்களின் போன்களில் இருக்கும். இடம் போதவில்லை என்று யாராவது அழிப்பதற்குள் ‘எக்ஸ்போர்ட் சாட்’ மூலம் மீடியாவோடு சேர்த்து எடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அவருடைய போனை அழித்துப் பேரனுக்குக் கொடுப்பதும் இதற்குப் பிறகுதான். இரண்டு ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்கை, அதிலுள்ள படங்களோடு அந்நிறுவனம் நீக்கக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நினைவஞ்சலி விளம்பரத்துக்கு அசல் படத்தைக் கொண்டுவருபவர்களிடம், ஸ்கேன் செய்ததும் அதை அங்கேயே திருப்பிக் கொடுத்து, அந்தக் கோப்பின் முழு அளவு நகலையும் அவர்களுக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களைச் சீரமைக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கும்பகோணம்