பணியர் பிள்ளை ஏன் பேசுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் தொடக்கப்பள்ளி ஒன்றில் பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பெண் குழந்தை ஒருத்தி, ஜூனில் சேர்ந்தவள், தீபாவளி வரைக்கும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மந்தமான பிள்ளை என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் சத்துணவு வரிசையில் தன் அண்ணனிடம் அவள் மூச்சுவிடாமல் கதை சொல்வதைக் கேட்டேன். கையை ஆட்டி, குரலை மாற்றி, அப்படி ஒரு பேச்சு! அவளுக்குப் பேச்சு வராமல் இல்லை, என் தமிழ்தான் அவளுக்குப் புரியவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழும் மாவட்டம் நீலகிரி. தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தில் 350ஏ பிரிவே இருக்கிறது, 1956 முதல். ஒடிசாவில் 2006 வாக்கிலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் பாடம் தொடங்கிவிட்டார்கள்.

எழுத்து இல்லாத மொழியை எப்படிக் கற்பிப்பது என்று கேட்பார்கள். சரி, முதல் இரண்டு வருடம் பேச்சும் பாட்டும் கதையும் போதுமே. தமிழ் அப்புறம் தானாக வரும். பணிய மொழி பேசும் ஒரு பெண்ணை உதவி ஆசிரியையாக அந்த வகுப்பில் உட்காரவையுங்கள். வரும் ஜூனிலேயே இதைச் செய்ய வேண்டும் என்று கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கூடலூர்