பன்னிரண்டையும் பதின்மூன்றையும் விட்டுவிட்டுப் படிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற பிள்ளைகளிடம் இணைந்த கணிதம் இரண்டாம் தாளை, அதாவது பிரயோக கணிதத் தாளை (அவர்கள் மொழியில் "அப்ளைட்") பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அப்ளைட்ல 12ஆம், 13ஆம் கேள்வி பார்க்கிறேல்ல சேர், மற்ற அஞ்சும் செய்வம்" என்று தயக்கமில்லாமல் சொல்லுவார்கள். தரம் 13 தொடங்குகிறபோதே இந்த முடிவு எடுத்தாகிவிடுகிறது. பல வேளைகளில் அதை எடுத்துக் கொடுப்பவர் ரியூசன் ஆசிரியர்.

புள்ளிக் கணக்கின்படி பார்த்தால் அதில் பிழையில்லை. பி பகுதியில் ஏழு வினா, ஐந்துக்கு எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. ஏழில் இரண்டு போனால் ஐந்து. ஆனால் கழிக்கப்படுகிற அந்த இரண்டும் எவை? கடந்தகால வினாத்தாள்களின் வழக்கமான ஒழுங்கில் 12ஆவது, ஆப்பின் (சாய்முகம் கொண்ட கட்டையின்) மேல் இயங்கும் துணிக்கைகளும் நிலைக்குத்து வட்ட இயக்கமும். 13ஆவது எளிமை இசை இயக்கம், அதாவது ஊசல்போல் முன்னும் பின்னும் ஆடும் இயக்கம், பெரும்பாலும் இழுத்தால் நீளும் மீள்தன்மை இழையோடு. மிஞ்சுகிறவற்றில் 11 சார்பு வேகமும் வேக நேர வரைபும். 14, 15, 16 நிலையியல், அதாவது அசையாமல் சமநிலையில் இருக்கும் பொருட்களைப் பற்றியவை. 17 நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். அதாவது, ஐந்து பெரிய வினாக்களையும் நியூற்றனின் இரண்டாம் விதியை (விசை = திணிவு × ஆர்முடுகல்) ஒருமுறைகூட எழுதாமல் ஒரு பிள்ளை முடித்துவிடலாம். பிரயோக கணிதத்தில் இதைவிட வேறு எதைப் பிரயோகிக்கச் சொல்லுகிறோம்?

இத்தனைக்கும் 12ஆவது வினா அவர்கள் பயப்படுகிற அளவுக்குப் புதிதான ஒன்றல்ல. ஒப்பமான மேசையில் ஒப்பமான ஆப்பு, அதன் சாய்முகத்தில் ஒரு துணிக்கை. துணிக்கை கீழே வழுக்க, ஆப்பு மறுபக்கம் நகரும். பிள்ளைகள் விழுகிற இடம் ஒன்றுதான்: ஆப்பு சார்பாகத் துணிக்கைக்கு இருக்கும் ஆர்முடுகலையே புவி சார்பான ஆர்முடுகலாக எடுத்துச் சமன்பாடு எழுதிவிடுகிறார்கள். ஆப்பின் ஆர்முடுகலையும் காவியாகக் கூட்டிக்கொண்டால் மிச்சம் எல்லாம் வெறும் அட்சரகணிதம். இதே கூட்டலைத்தானே 11ஆவது வினாவில், ஆற்றைக் கடக்கும் படகுக்கும் கடலில் போகும் கப்பலுக்கும் அநாயாசமாகச் செய்கிறார்கள்? ஓடுகிற பஸ்சுக்குள் கொண்டக்டர் முன்னுக்கு நடந்து போனால் வீதியில் நிற்பவருக்கு அவர் என்ன வேகத்தில் தெரிவார் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு ஆப்பு விளங்காது என்றால் நான் நம்பமாட்டேன். விளங்கப்படுத்த நேரம் எடுக்கும், அவ்வளவுதான். ஒரு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை இருத்தி மைக்கில் படிப்பிக்கும் வகுப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

2000ஆம் ஆண்டுக்கு முன் உயர்தரத்தில் நான்கு பாடங்கள். தூய கணிதம் ஒன்று, பிரயோக கணிதம் இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பெறுபேறு. பாடங்கள் மூன்றானபோது இவை இரண்டும் இணைந்த கணிதமாகின. சுமை குறைந்தது நல்லதுதான், அந்தப் பழைய காலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பிரயோக கணிதத்தில் தேறாதவருக்கு அன்று அது பெறுபேற்றுத் தாளிலேயே தெரிந்தது. இன்று தூய கணிதத் தாள் தூக்கிவிட்டால் தெரியாமலே போய்விடும். பிறகு மொறட்டுவையிலோ பேராதனையிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பொறியியல் பீடத்துக்குப் போன கையோடு பொறிமுறை விரிவுரையில் உட்கார வேண்டியிருக்கிறது. பௌதிகவியலில் படித்தது அங்கே கைகொடுக்கும் என்று சிலர் சொல்லுவார்கள். ஓரளவுக்குத்தான். பௌதிகவியலில் புவியீர்ப்பு ஆர்முடுகலுக்குப் பத்து என்று போட்டு விடையை எண்ணாக எடுத்துப் பழகிய பிள்ளைக்கு, வகையீட்டுச் சமன்பாட்டிலிருந்து ஓர் இயக்கத்தைக் கட்டியெழுப்பும் பழக்கம் 13ஆவது வினாவில்தான் கிடைக்கிறது.

பரீட்சைத் திணைக்களம் வினாத்தாளின் அமைப்பை மாற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தவணைப் பரீட்சைகள் நம் கையில்தான் இருக்கின்றன. மாகாணக் கல்வித் திணைக்களமும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையமும் தரம் 13க்கு நடத்தும் பரீட்சைகளில் ஏதாவது ஒரு தவணைக்கு மட்டும், இரண்டாம் தாளின் பி பகுதியில் 12ஐயும் 13ஐயும் தெரிவிலிருந்து எடுத்துக் கட்டாயமாக்கிப் பார்க்கலாம். ஏ பகுதியின் பத்தும் கட்டாயமாகத்தானே இருக்கின்றன, அதற்கு யாரும் முறையிட்டதாகக் கேள்விப்படவில்லை. புள்ளி குறையும், பெற்றோர் அதிபரிடம் வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். தவணைப் பரீட்சைப் புள்ளி எதுவும் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்குச் சேராது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர் ஒருவர்,
பருத்தித்துறை.