தலையில்லாத ராஜாவும் ஓரணா ஸ்டாம்பும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே மகளுக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகிவிட்டது. பேரன் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நாள் முழுக்க ஸ்டாம்பு ஆல்பமும் நானும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கோர்ட்டுக் கட்டு, ரசீதிலிருந்து ஸ்டாம்புகளை வெந்நீரில் ஊறப்போட்டு உரித்து அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே! தபால்தலைக்கு அது சரி. இப்படிக் கோர்ட்டு மனுவிலும் ரசீதிலும் ஒட்டுகிற வரி ஸ்டாம்பில் சிலவற்றின் மை தண்ணீர் பட்டாலே கரைந்துவிடும். குறுக்கே போட்ட கையெழுத்தும் போய்விடும். காகிதத்தோடு இருந்தால்தான் யார், எதற்காக, எவ்வளவு கட்டினார்கள் என்று தெரியும்.

ராஜா படத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது, எலி கடித்ததா என்று கேட்டிருக்கிறாய். எலி இல்லையப்பா, கோர்ட்டு குமாஸ்தா! 1870-ஆம் வருஷத்துக் கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தின் 30-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மனு தாக்கலானதும் ஸ்டாம்பில் உள்ள தலையை மட்டும் துளைத்தெடுக்க வேண்டும், தொகை போட்டிருக்கும் இடத்தைத் தொடக்கூடாது, வெட்டி எடுத்த துண்டை எரித்தோ வேறு விதமாகவோ அழித்துவிட வேண்டும். மறுபடி யாரும் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. அரசர் தலையை வாங்கி நெருப்பில் போட அரசாங்கமே சட்டம் போட்டிருக்கிறது பார்! ஓட்டை இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதே, எனக்கு அதுதான் வேண்டும்.

ரசீதுகளையும் அப்படியே வை. 1899-ஆம் வருஷத்து ஸ்டாம்புச் சட்டப்படி இருபது ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரசீதில் ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். 1906 முதல் அரையணா, ஓரணாத் தபால்தலைகளில் 'தபால், வருவாய்' என்று இரண்டையும் சேர்த்தே அச்சடித்தார்கள். கடிதத்துக்கும் அதுதான், கடன் திருப்பிய ரசீதுக்கும் அதுதான். உரித்துவிட்டால் பேனாக் கீறல் ஒன்றை வைத்துக்கொண்டு நான் ஜோசியம் பார்க்க வேண்டியதுதான்.

குத்தகை ரசீதுகளில் ஸ்டாம்பே இல்லை, தாத்தா ஏமாற்றியிருப்பாரோ என்றும் சந்தேகப்பட்டிருக்கிறாய். பாவம், அவரை விட்டுவிடு. தீர்வை கட்டும் நிலத்துக்குச் சாகுபடி செய்பவர் கொடுக்கும் குத்தகைக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஸ்டாம்பு இல்லாத அந்த ரசீது இரண்டையும் சேர்த்தே அனுப்பு. இப்போது ஐயாயிரத்துக்கு மேல் போனால்தான் ஒரு ரூபாய் ஸ்டாம்பு என்று ஆகிவிட்டது. எல்லாரும் போனிலேயே பணம் அனுப்புகிற காலத்தில் அதை யார் ஒட்டுகிறார்கள்?

அப்புறம், நோட்டுப் புத்தகங்களை உதறிப் பார். பழைய சினிமா டிக்கெட் கிடைத்தாலும் கிடைக்கும். கேளிக்கை வரி ஸ்டாம்பு ஒட்டிய டிக்கெட்டுக்காக ரொம்ப நாளாக அலைகிறேன். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார் அல்லவா? கள்ளுக்கடை வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. கேளிக்கை வரிச் சட்டமும் அதே வருஷத்ததுதான். குடிக்கிறவன் நிறுத்தினான், மற்றவன் கட்டினான்! மதுவிலக்கைப் பற்றி நாம் கல்லூரியில் போட்ட சண்டையில் இந்தக் கணக்கை நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா? வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி ஸ்டாம்பு ஒட்டி வாங்குவோமே, அது. எண்பதுகளில் லைசென்சையே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் புத்தகத்தை அப்போதே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்கள்.

காகிதக் கட்டை மடிக்காமல், அட்டை வைத்து, செல்லோடேப் எதுவும் ஒட்டாமல் ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. செலவு என்னுடையது. இல்லாவிட்டால் பொங்கல் கழிந்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் தங்கச்சியிடம் சொல்லி வை, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடப் போகிறாள்.

அன்புடன்,
ராமு