ராடு பழுதில்லை, கணக்குப் பார்

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. குளச்சலில் எல்லாரும் சுகமாயிருப்பதில் சந்தோஷம். இங்கே சாரல் விட்டபாடில்லை.

ஹீட்டர் ராடு சாயங்காலமானால் வாளித் தண்ணீரைச் சூடாக்க நேரமெடுக்கிறது, புதுசு வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. நீ எழுதி அனுப்பிய எண்களிலேயே பதில் இருக்கிறது.

ராடில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை வரும்: 230 × 230 ÷ 1500 = 35.3 ஓம். இனி நீ அளந்ததைப் பார். ராடு ஓடும்போது பிளக் பாயிண்டில் 188 வோல்ட், கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரில் 5.3 ஆம்பியர். 188 ÷ 5.3 = 35.5 ஓம். இரண்டும் ஒன்றுதான், ராடுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் திறன் 188 × 5.3 = 996 வாட்தான். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, சூடு மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வோல்ட்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும், அடி இரண்டு பக்கமும் விழும். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுவர 1500 வாட்டில் பன்னிரண்டரை நிமிஷம் போதும், 996 வாட்டில் 19 நிமிஷம் ஆகும்.

கிளாம்ப் மீட்டரை ஒற்றைக் கம்பியில் மாட்டினாயே, அதுதான் சரி. இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். ராடைக் கழற்றி மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே எண் வரும், ராடுக்குள் சூடாகிற நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. பழைய 100 வாட் குண்டு பல்பை அப்படி அளந்துவிடாதே. எரியும்போது 529 ஓம், ஆறிக் கிடக்கும்போது 40 ஓம் பக்கம்தான் காட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம். ராடு போடாமல் 204 வோல்ட், போட்டால் 188. ஆக 16 வோல்ட் வழியில் தங்குகிறது. மீட்டர் போர்டில் அதே நேரம் 204 வோல்ட் 200 ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் தெருக்கம்பியின் பங்கு 4 வோல்ட். மீதி 12 வோல்ட் உன் வீட்டுக்குள் போகிறது. ரெண்டரை ஒயரின் (2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி) மின்தடை கிலோமீட்டருக்கு 7.4 ஓம். மீட்டரிலிருந்து குளிமுறிக்கு 15 மீட்டர், போகவர 30 மீட்டர், 0.22 ஓம். அதில் ஒரு வோல்ட் சொச்சம்தான் விழும். மிச்சம் கிட்டத்தட்ட 11 வோல்ட் ஏதோ ஒரு முனையில் உட்கார்ந்திருக்கிறது. 11 × 5.3 = 58 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைச் சுவருக்குள் வைத்த மாதிரி! கடல்காற்று படுகிற வீட்டில் பித்தளை ஸ்குரு பச்சை பூத்து, பிடி தளர்ந்து, இதுதான் நடக்கும். பிளக் பின்னை உருவிப் பார், ஒரு கால் மட்டும் கறுத்து, ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுத்திருக்கும்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் பளபளப்பான செம்புக் கம்பி வரும்வரை சீவி, புது 16 ஆம்பியர் சாக்கெட்டில் இறுக்கு. பழையதை உப்புத்தாளால் தேய்த்து மாட்டாதே. சூடு கண்ட சாக்கெட்டின் பித்தளை நாக்குக்கு ஸ்பிரிங் போயிருக்கும், ஒரு மாதத்தில் மறுபடி கறுக்கும். போர்டைத் திறந்து பழக்கமில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடு. அவரிடம் எண்களைக் காட்டினால் நேரே அந்த இடத்துக்குப் போவார்.

விளையில் கிணற்று மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதல்லவா, அங்கே கணக்கு வேறு. சுருளை ஓமில் அளந்து 230-ஐ வகுத்துக் கரண்ட் சொல்லக்கூடாது. ஓடுகிற மோட்டார் தானே எதிர் வோல்ட்டேஜ் உண்டாக்கும். வோல்ட் பெருக்கல் ஆம்பியரும் முழு வாட் ஆகாது, அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் குறுக்கே நிற்கும். 1 எச்.பி. (குதிரைத்திறன்) என்பது மோட்டார் தண்டில் கிடைக்கிற 746 வாட். ஓடும்போது அது இழுப்பதை அறிய மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணு. மீட்டரில் 3200 என்று (ஒரு யூனிட்டுக்கு அத்தனை மின்னல்) போட்டிருந்து, ஒரு நிமிஷத்தில் 60 தடவை மின்னினால் 60 × 60 ÷ 3200 = 1.125 கிலோவாட்.

உன் மோட்டாருக்கு 60 மீட்டர் தூரம் ஒன்றரை ஒயர் இழுத்திருப்பதுதான் எனக்கு இடிக்கிறது. போகவர 120 மீட்டர், 1.45 ஓம். ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் 10 வோல்ட் விழும், அது பரவாயில்லை. கிளம்பும்போது ஐந்து மடங்கு, 35 ஆம்பியர் கேட்கும், 50 வோல்ட் வழியிலேயே போகும். சுழற்றும் விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறைவதால் மோட்டாரால் எழும்ப முடியாது. நாலு ஒயர் போட்டால் அந்த 50 வோல்ட் 19 ஆகும். மோட்டார் கிளம்ப உதவுகிற கப்பாசிட்டரையும் பார்த்துவிடு. முனகினால் உடனே அணை, ஐந்து மடங்கு கரண்ட் சுருளில் இருபத்தைந்து மடங்கு சூடு. முப்பந்தல் காற்றாலைகளின் அடியில் டிரான்ஸ்பார்மர் நிற்பதும் இந்த வர்க்கக் கணக்குக்காகத்தான்: வோல்ட்டேஜை ஏற்றி, கரண்டை இறக்கி, கம்பிச் சூட்டைக் குறைப்பதற்கு.

விளக்கு எத்தனை தடவை மின்னியது என்று எழுது. ராடின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லு.

உன் கூட்டுக்காரன்