உன் வீட்டு ஜன்னலுக்கு ஒரு ரெசின் தொட்டி

கோயம்புத்தூர்,
தை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு வந்திருந்தபோது, வேளச்சேரி வீட்டுக் கூடத்தில் செடி வைப்பதற்கு ரெசின் என்கிற செயற்கைப் பிசினில் வண்ண வண்ணமாக ஒரு தொட்டியை நீயே வார்த்துப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். நீ ரயிலேறிய மறுநாளே நான் ரெசினும் சிலிகோன் அச்சும் வாங்கிவிட்டேன் என்பதை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். முப்பத்தோரு ஆண்டுகள் வார்ப்படச் சாலையில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி வடிவம், செய்தவனுக்கு, மகள் ஏதோ ஒன்றை வார்க்கப் போகிறாள் என்று கேட்ட பிறகு கை சும்மா இருக்குமா? இதுவரை மூன்று தொட்டிகள் வார்த்துவிட்டேன். முதலாவது கெட்டுப்போனது, இரண்டாவது சுமார், மூன்றாவது நம் வீட்டு வடக்கு ஜன்னலில் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

முதல் தொட்டி கெட்டதற்கு என் அனுபவம்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. வார்ப்படச் சாலையில் மணலை இறுக்குவதற்கு ஃபியூரான் என்ற ரெசினோடு, அதை இறுகத் தூண்டும் அமிலக் கேட்டலிஸ்ட் கலப்போம். மார்கழிக் குளிரில் மணல் இறுகத் தாமதமானால் கேட்டலிஸ்டைச் சற்றுக் கூட்டுவோம், சித்திரை வெயிலில் குறைப்போம். தராசு பார்க்காமலே அந்தக் கணக்கு கைக்கு வந்துவிடும். அதே கையோடு இங்கும், மழைக்காலமாயிற்றே, சீக்கிரம் இறுகட்டும் என்று ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன். மறுநாள் காலையில் கையுறை அணிந்த விரலால் தொட்டுப் பார்த்தேன், விரல் பதிந்தது. மூன்றாம் நாளும் பதிந்தது. பத்து நாள் கழித்தும் பாகு முற்றாத கடலை மிட்டாய் போலப் பிசுபிசுத்துக்கொண்டே இருந்ததைக் கண்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். வார்ப்படச் சாலையின் கேட்டலிஸ்ட் வினையைத் தூண்டிவிடுவதோடு சரி. தொட்டி வார்க்கும் எபாக்சி வகை ரெசினில் ஹார்ட்னர் அப்படி ஒதுங்கி நிற்பதில்லை, பொருளின் ஒரு பாகமே அதுதான். ரெசின் மூலக்கூறுகளின் முனைகளில் உள்ள எபாக்சி வளையங்கள் ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளோடு கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்வதைத்தான் நாம் இறுகுதல் என்கிறோம். ஒன்று மிகுந்துபோனால், மிகுந்தது இணை கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிடுகிறது; எத்தனை நாள் காத்திருந்தாலும் அது இறுகாது. உடைந்த பீங்கானை ஒட்டுவதற்கு நம் வீட்டு மேசை டிராயரில் இரண்டு குழாய் அரால்டைட் எப்போதும் கிடக்குமே, சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946இல் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தப் பசையும் இதே எபாக்சிதான். இரண்டையும் சம அளவு பிதுக்கித் தீக்குச்சியால் குழைக்கும் வேலையைச் சிறு வயதில் உனக்குத்தான் கொடுப்பேன். இரண்டு கோடும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று நீ ஸ்கேல் வைத்துப் பார்ப்பாய். அந்தப் புத்தி இந்த வயதில் எனக்கு வராமல் போயிற்று.

ஆகவே கண்ணு, கண்ணால் அளக்காதே, எடை போட்டுக் கல. புட்டியின் மேல் என்ன விகிதம் போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். சிலவற்றில் ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று, சிலவற்றில் மூன்றுக்கு ஒன்று என்று இருக்கும். அது எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்பதையும் படித்துக்கொள். ரெசின் பொதுவாக ஹார்ட்னரைவிடக் கனமானது என்பதால் எடையில் சரியாக இருக்கும் விகிதம் கோப்பையில் அளந்தால் தப்பிப்போகும். நான் வாங்கியது எடைக்கு இரண்டுக்கு ஒன்று. அச்சுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அறிய, அதைத் தராசில் வைத்து, ரெசின் நிற்க வேண்டிய இடைவெளியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 300 கிராம் பிடித்தது. ரெசின் தண்ணீரைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு கனம், ஆக 330 கிராம். கோப்பையிலும் குச்சியிலும் ஒட்டிப் போவதற்காகச் சேர்த்து 360 கிராம், அதாவது ரெசின் 240, ஹார்ட்னர் 120. தண்ணீர் ஊற்றிப் பார்த்த அச்சை ஒரு நாள் முழுவதும் காயவிட மறந்துவிடாதே.

நான் அனுப்பும் அச்சில் இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. வெளிக் கிண்ணத்தின் அடியில், நடுவே, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முளை இருக்கும். உள் கிண்ணம் அதன்மேல் உட்காரும். தண்ணீர் வடியும் துளையை உண்டாக்குவதும், தொட்டியின் அடிக் கனத்தைத் தீர்மானிப்பதும் அந்த முளைதான். உள் கிண்ணத்தை நாங்கள் கோர் என்போம். உருகிய இரும்பை ஊற்றும்போது கோர் மிதந்து எழுந்துவிடாமல் இருக்க என்னென்னவோ செய்வோம். ரெசினிலும் அதே தொல்லைதான். உள் கிண்ணம் ரெசினுக்குள் 400 மில்லி இடத்தை அடைத்துக்கொண்டால், 440 கிராம் விசையோடு ரெசின் அதை மேலே தள்ளும். உன் தாத்தாவின் மளிகைக் கடையில் இருந்த அரைக்கிலோ எடைக்கல்லைப் பார்சலில் வைத்திருக்கிறேன். அதை உள் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஊற்று.

நாளையும் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது தொட்டியைக் கார்த்திகை மாதம், வெளியே தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் வார்த்தேன். நன்றாக இறுகியது, ஆனால் மேற்புறம் மூச்சு பட்ட கண்ணாடியைப் போல வெண்மூட்டமாகி, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்குப் போல ஒரு படலம் வந்தது. ஈரக் காற்றில் ஹார்ட்னரின் அமீன் செய்யும் வேலை அது. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவியதில் பிசுக்கு போயிற்று, பளபளப்பு திரும்பவில்லை. சென்னைக் காற்று இன்னும் ஈரமானது. ஆகையால் மழையில்லாத மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தேர்ந்துகொள். அந்த அறையில் முன்கூட்டியே ஏ.சி. ஓடவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவா. கலக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வை. அச்சை அங்கேயே விட்டுக் கதவைச் சாத்திவிடு, அன்றிரவு அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கலப்பதில் அவசரமே கூடாது. பாயசத்தில் அடிப்பிடிக்காமல் கிண்டுவது போல, கோப்பையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி நான்கு ஐந்து நிமிடங்கள் மெதுவாகக் கிண்டு. வேகமாக அடித்தால் நுரைக்கும். பிறகு வேறொரு கோப்பைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கிண்டு, ஏனென்றால் முதல் கோப்பையின் சுவரில் கலக்காத ரெசின் எப்படியும் ஒட்டிக்கொண்டிருக்கும். கலந்ததை ஆழமான கோப்பையிலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதே. எபாக்சி இறுகும்போது தானாகவே சூடேறும், மொத்தையாக இருந்தால் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. கால் கிலோ கலவையைக் கொல்லைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பால்காரரிடம் பேசப் போய்த் திரும்பினேன். காகிதக் கோப்பையைக் கையில் பிடிக்க முடியவில்லை, லேசாகப் புகைந்து, மஞ்சளாகி, உள்ளே கீறல் விட்டுக்கொண்டிருந்தது. 1,400 டிகிரி இரும்போடு வாழ்ந்தவன், அடுப்பே இல்லாத ஒரு பொருளின் சூட்டைக் கண்டு அன்று பின்வாங்கினேன்.

அதனால்தான் மூன்றாவதை மூன்று அடுக்காகப் பிரித்தேன். ஒவ்வொரு முறையும் 80 கிராமுக்கு 40 கிராம் மட்டுமே கலந்தேன். வண்ணத்துக்கும் அதுதான் வசதி. அடியில் மயில்கழுத்து நீலம், நடுவில் மாம்பழ மஞ்சள், மேலே வெள்ளை. ஓர் அடுக்கு ஊற்றி மூன்று நான்கு மணி நேரம் கழித்து, கையுறை விரலை வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் அடுத்ததை ஊற்றினால் நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்காமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். வண்ணப் பொடி என்று விற்பது பெரும்பாலும் மைக்கா, நம் பக்கத்தில் காக்காப்பொன் என்கிறோமே அதேதான். ரெசின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போடாதே, போட்டால் இறுக்கம் கெடும். பள்ளிக்கூடத்து வாட்டர் கலர் அறவே ஆகாது, அதில் தண்ணீர் இருக்கிறது. கோலப்பொடி அடியில் போய்ப் படிந்துவிடும்.

இடையில் அம்மா, காசு கொடுத்துப் பொடி வாங்குவானேன் என்று மீதமிருந்த கலவையில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டுவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்துவிட்டது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவப்பது போலத்தான் இதுவும், ஹார்ட்னரின் அமீனும் காரத்தன்மை உடையது. அம்மாவுக்கு அந்த நிறம் மிகவும் பிடித்துப்போய், அந்தச் சின்ன வில்லையைப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடக்கூடியது என்பதால் தொட்டிக்கு வேண்டாம் என்றேன். செவ்வந்தி இதழ்களைப் பதிக்க விரும்பினால், நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தவற்றையே பயன்படுத்து. ஈரமிருந்தால் உள்ளேயே பழுப்பேறிக் குமிழியும் விடும்.

குமிழிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. ரெசின் புட்டியை மட்டும், மூடியை இறுக்கியபடியே, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிற்க வைத்தால் இளகி, பாதிக் குமிழிகள் உருவாகவே மாட்டா.

இனிச் சொல்லப்போவதை மாப்பிள்ளையும் படிக்கட்டும். இறுகாத ரெசினும் ஹார்ட்னரும் தோலுக்குப் பகை. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு, கையுறை போடாமல் ரெசின் தொட்டுத் தொட்டு ஒவ்வாமை வந்து, பிறகு அந்த வாடை பட்டாலே கை தடித்துச் சிவந்துவிடும். ஒரு முறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் போகாது. நைட்ரைல் கையுறை போடு. தவறித் தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவு. தின்னர் போட்டுத் துடைத்தால் அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் கொண்டுபோகும். மீதியைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதே, கோப்பையோடு இறுகவிட்டுக் குப்பையில் போடு. அன்றைக்கு முழுவதும் குட்டி மாப்பிள்ளையோடு பூங்காவிலோ கடற்கரையிலோ இருக்கட்டும். வண்ணத்தைக் கண்டால் அவள் விரலை வைக்காமல் இருக்க மாட்டாள், நீயும் அந்த வயதில் அப்படித்தான்.

ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுக்கலாம், ஆனால் முழு உறுதி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை மண் போடாதே. விளிம்பில் கூர்மையாக நிற்கும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடு. 400ஆம் எண் தாளில் தொடங்கி 800, 1000 என்று ஏறு. தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. பறந்தால் அது மூச்சுக்குள் போகக் கூடாத தூள், ஆகவே முகக்கவசமும் போட்டுக்கொள். முளையை இழுத்தெடுத்த பின் துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்.

அந்தத் துளைக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், மண்தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும், ரெசின் சுவர் வழியே ஒரு சொட்டும் போகாது. ஊற்றும் தண்ணீருக்கு அந்த ஒரு துளைதான் வாசல். அது இல்லாவிட்டால் வெளியே மயில்கழுத்து நிறம் மின்னிக்கொண்டிருக்கும், உள்ளே வேர் அழுகிக்கொண்டிருக்கும். பொள்ளாச்சித் தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று தொட்டியை அதாலேயே நிரப்பிவிடாதே, அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு மூன்றோடும் கால் பங்கு ஆற்று மணலோ, பெர்லைட் என்ற லேசான வெண்துகள்களோ சேர். மேல் மண்ணில் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர் ஊற்று. மருள் இனத்துச் செடிதான் என் தேர்வு. நீங்கள் ஸ்நேக் பிளான்ட் என்று நூற்றுக்கணக்கில் விலை கொடுத்து வாங்குவது அதன் உறவுதான். நம் ஊர் மருளில் முன்பு நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். இரண்டு வாரம் மறந்துவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. மணி பிளான்ட்டும் சரிதான். கீரை, புதினா, கறிவேப்பிலை போன்று வாயில் போடும் எதையும் இதில் வளர்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உன் வீட்டு மேற்கு பால்கனியில் மட்டும் வைக்காதே. நேர் வெயில் ரெசினை மஞ்சளாக்கும், அக்கினி நட்சத்திரத்து வெயிலில் விளிம்பு இளகிக் கோணினாலும் வியப்பில்லை. கூடத்து ஜன்னலுக்கு உட்புறம், வெளிச்சம் வந்து வெயில் வராத இடம் செடிக்கும் தொட்டிக்கும் ஒத்துப்போகும்.

இன்னொன்று. நாங்கள் வார்த்த இரும்பு கெட்டால் உடைத்து மறுபடியும் உலையில் போடுவோம், அடுத்த நாள் அது வேறொரு பம்ப்பாக வெளியே வரும். ரெசின் ஒரு முறை இறுகிவிட்டால் எந்தச் சூட்டிலும் மறுபடி உருகாது, கருகத்தான் செய்யும். என் முதல் தொட்டி இன்னும் கொல்லையில் கிடக்கிறது, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தோழிகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று செய்து தருவேன் என்று நீ கிளம்பிவிடுவாய் என்பதால் சொல்கிறேன். உனக்கு ஒன்று போதும்.

பார்சலில் அச்சு, எடைக்கல், கையுறைகள், உப்புத்தாள், அம்மா ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்த ஒரு மருள் கன்று ஆகியவற்றோடு என் சிறு தராசும் இருக்கிறது. அதன் பேட்டரி பழையது, புதிது போட்டுக்கொள். கலக்கத் தொடங்குமுன் அரைக்கிலோ எடைக்கல்லை அதன்மேல் வைத்துப் பார். 500 காட்டினால் தொடங்கு, காட்டாவிட்டால் எனக்குத் தொலைபேசி செய்.

அன்புடன்,
அப்பா